வாசல் எந்தப் பக்கம்?

நவீன கலை அருங்காட்சியகத்தையும் பொது நூலகத்தையும் ஒன்றாக வைத்துக் கட்டிய பாரிஸின் பொம்பிடு மையத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. கிடைத்த நிலத்தில் பாதியைக் கட்டாமல் சதுக்கமாக விட்டார்கள், அந்தக் கட்டடத்தின் வெற்றியே அதுதான் என்று. பொய்யில்லை. ஆனால் பேச்சு அந்த வரியோடு முடிந்துபோவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருக்கிறது. நகர நடுவில், ஒரு பொதுச் சதுக்கத்தின் ஓரமாகக் கலைக்கூடமோ நூலகமோ அரங்கமோ கட்டப்போகிறவர்கள் பலரும் போபூரைத்தான் (பொம்பிடு மையத்தை அப்படியும் சொல்வார்கள்) உதாரணம் காட்டுகிறார்கள். காட்டிவிட்டு அதிலிருந்து சதுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல கல் பதிக்கிறார்கள், நாலு மரம் வைக்கிறார்கள், வாங்கு போடுகிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் நிற்கிறது, சதுக்கம் ஒரு பக்கம் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு ரிக்கற் மேசை.

இதை இப்போது எழுத வைத்தவள் என் அக்காவின் மகள். இங்கே பிரான்சில் பிறந்தவள், கட்டடக்கலை படிக்கிறாள். ஒரு சிறு நகரத்தின் சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பண்பாட்டு மையம் ஒன்றை வரைவதுதான் இந்த வருடம் அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை. வரைபடத்தைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அழகாகத்தான் இருந்தது. சதுக்கம் மெல்லச் சரிந்து கட்டடத்தை நோக்கி இறங்கியது. மழை வந்தால் ஒதுங்க நீண்ட கூரை, பிள்ளைகள் ஏறி விளையாடப் படிகள், எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். “வாசல் எங்கே பிள்ளை?” என்று கேட்டேன். “அது எங்க வேணுமெண்டாலும் வைக்கலாம் மாமா, கடைசியாப் பாக்கலாம்” என்றாள். அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது. அவள் பள்ளியில் போபூரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறாள். நானோ அதற்குள் வாழ்ந்தவன் என்றே சொல்லலாம்.

முதலில் வரவிருந்தது நூலகம்

பொம்பிடு மையம் நிற்கும் நிலத்துக்குப் போபூர் மேடு என்று பெயர். காசநோய் பரவும், சுகாதாரக் கேடான குடியிருப்புகள் என்று பாரிஸ் நகரம் போட்ட பட்டியலில் அந்தப் பகுதிக்குத்தான் முதலாம் இலக்கம். 1930களில் வீடுகளை இடித்தார்கள். ஏழைகள் இருந்த தெருக்கள் போன பிறகு அந்த வெளி பல பத்தாண்டுகள் வாகனத் தரிப்பிடமாகக் கிடந்தது. பக்கத்தில் லே ஆல் மொத்தச் சந்தை. 1969இல் அதுவும் நகருக்குத் தெற்கே ருன்ஜிஸுக்குப் போய்விட்டது. பாதி நிலத்தை விட்டார்கள் என்று பாராட்டும்போது, அந்த நிலம் எப்படிக் காலியானது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வரும் கட்டடம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

இன்னொரு விஷயமும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த மேட்டில் முதலில் கட்டுவதாக இருந்தது ஒரு பொது நூலகம். 1969 இறுதியில் ஜனாதிபதி ஜோர்ஜ் பொம்பிடு நவீன கலை அருங்காட்சியகத்தையும் அதே இடத்துக்குக் கொண்டுவர முடிவெடுத்தார். இசை ஆய்வகமும் வடிவமைப்பு மையமும் சேர்ந்துகொண்டன. ஆக, அந்த நிலத்தில் நூலகம்தான் மூத்த பிள்ளை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கட்டடத்தை வடிவமைக்க 1971இல் வைத்த போட்டிக்கு 681 வரைவுகள் வந்தன. ஜான் புரூவே நடுவர் குழுத் தலைவர். கட்டடக்கலைஞர்கள் ஒஸ்கார் நீமயரும் பிலிப் ஜோன்சனும் குழுவில் இருந்தார்கள். வென்றவர்கள் ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரொஜர்ஸ், ஜான்ஃபிராங்கோ பிராங்கினி. கூட நின்றது ஓவ் அரப் நிறுவனத்தின் பொறியாளர் குழு. பியானோவும் ரொஜர்ஸும் அப்போது முப்பதுகளில் இருந்தார்கள், பெயர் பெற்றவர்கள் அல்லர். ஒரு ஜனாதிபதி தன் ஆட்சிக்கு எழுப்பும் நினைவுச்சின்னத்தில் கை வைப்பதா என்று ரொஜர்ஸ் முதலில் தயங்கினார். அந்தத் தயக்கத்தின் தடயம் வரைவிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். நினைவுச்சின்னமாக நிமிர்ந்து நிற்காமல், தெருவைப் போல நாலு பேர் வந்து போகும் ஓர் இயந்திரமாக அதை வரைந்தார்கள். கணினி யுகத்து டைம்ஸ் சதுக்கமும் பிரிட்டிஷ் மியூசியமும் கலந்த இடம் என்று போட்டிக்கான அறிக்கையில் வர்ணித்தார்கள். சுமார் 2 ஹெக்டேயர் நிலத்தில் மேற்குப் பாதியை வெறுமையாக விட்டார்கள். ரூ சென் மார்த்தான் தெருவிலிருந்து தரை கட்டடத்தை நோக்கிச் சரிகிறது. இத்தாலியின் சியனாவில் உள்ள காம்போ சதுக்கத்தின் சாயல் அது என்பார்கள். சரிவில் ஒருவர் உட்கார்ந்தால் முகம் தானாகவே கட்டடத்தின் பக்கம் திரும்பிவிடும்.

சரி, கட்டடம் என்ன செய்தது? வெளியே தெரியும் குழாய்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். நீலம் காற்று, பச்சை தண்ணீர், மஞ்சள் மின்சாரம், சிவப்பு ஆட்கள் போய்வரும் வழி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கெர்பெரெட் என்ற, வார்த்தெடுத்த எஃகுத் துண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 மீட்டர் நீளம், 10 தொன் எடை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பொறியாளர் ஹைன்ரிக் கெர்பரின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். பொறியாளர் பீற்றர் றைஸ் அதை எஃகில் வார்க்கலாம் என்று நின்றார். ஜெர்மனியில் வார்த்த முதல் துண்டுகள் சோதனையில் தோற்று, மறுபடி சூடாக்கிப் பதப்படுத்திய பிறகே தேறின. அதன் வேலை எளிமையானது. தூணில் கோத்த ஒரு நெம்புகோல் அது. உள் முனை தளத்தின் பாரத்தைத் தாங்கும், வெளி முனையை ஓர் எஃகுக் கம்பி நிலத்தை நோக்கி இழுத்துப் பிடிக்கும். இதனால் உள்ளே 48 மீட்டர் அகலத்துக்கு ஒரு தூண்கூட இல்லை. வெளியே தூணுக்கும் கம்பிக்கும் நடுவில் சில மீட்டர் அகலமான ஓர் இடைவெளி கிடைத்தது. கிழக்கே, ரூ து ரெனார் தெருப் பக்கம், அந்த இடைவெளியில் குழாய்களைப் போட்டார்கள். மேற்கே, சதுக்கத்தின் பக்கம், மனிதர்களைப் போட்டார்கள். நடைபாதைகளும், கண்ணாடிக் குழாய்க்குள் சாய்வாக ஏறும் நகரும் படிக்கட்டும் அங்கே வந்தன.

பாரம் தாங்க ஒரு பொறியாளர் கண்டுபிடித்த வழி, சதுக்கத்தைச் செங்குத்தாக மேலே கொண்டுபோகும் வழியாகவும் ஆனது. கல் பதித்த தரை கட்டடத்தின் காலடியில் முடியவில்லை, மடங்கி முகப்பில் ஏறிக் கூரை வரை போனது. இதுதான் போபூரின் கண்டுபிடிப்பு. பாதி நிலம் விட்டது அதன் முதல் படிதான்.

ஏறிப் பார்க்கக் காசில்லை

நான் பாரிஸுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காட், அதாவது வதிவிட அட்டை, வரும் என்று காத்திருந்த காலம். லா சப்பல் பகுதியில் ஒரு அறையில் பலர். இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவேன், பகலில் போக ஓர் இடம் வேண்டும். கோப்பிக் கடையில் எவ்வளவு நேரம் ஒரு கோப்பியோடு உட்காருவது? எனக்குப் போபூரைக் காட்டியவர், அறையில் எனக்கு மூத்த ஒரு அண்ணை. “காட் கேக்க மாட்டாங்கள், காசு கேக்க மாட்டாங்கள், நேரா உள்ளுக்குப் போ” என்றார். அது அவருடைய முழு விளக்கம். வேறெதுவும் தேவைப்படவும் இல்லை.

பொதுத் தகவல் நூலகம் என்று அதன் பெயர். பிரெஞ்சுக்காரர் பேபேஈ என்று சுருக்கிச் சொல்வார்கள். அங்கத்துவ அட்டை கிடையாது. புத்தகம் வீட்டுக்குத் தர மாட்டார்கள், அதனாலேயே யார் என்று கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். மொழி படிக்க ஒலிநாடாக்களோடு தனி இருக்கைகள் இருந்தன. என் பிரெஞ்சு அங்கே முளைத்ததுதான். உலகத்துப் பத்திரிகைகள் கிடந்தன. பக்கத்து இருக்கையில் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி இருப்பாள், எதிரே பனிக்குளிருக்கு ஒதுங்கிய வீடற்ற மனிதர் அட்லஸ் புரட்டிக்கொண்டிருப்பார். ஒருவரை ஒருவர் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது நூலகத்தைப் பற்றி மட்டும் அல்ல, அங்கே போகும் வழியைப் பற்றி. அந்த நாட்களில் நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் கூரைக்கும் ஒரே வழிதான். சதுக்கத்தில் இறங்க வேண்டும். தீ விழுங்குகிறவனையும் முகம் வரைகிறவனையும் தாண்ட வேண்டும். பெரிய கீழ்மண்டபத்துக்குள் நுழைந்து, எல்லாரோடும் சேர்ந்து அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் ஏற வேண்டும். நூலகத்தில் இறங்காமல் அப்படியே மேலே போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். சென் மெரி தேவாலயத்தின் கூரை கீழே போகும், பிறகு துத்தநாகக் கூரைகள், பிறகு நோத்ர் தாம், தூரத்தில் மொன்மார்த்ர் குன்றின் வெள்ளைக் கோபுரம். ஒரு சதமும் கொடுக்காமல் நகரம் முழுதும் கண்ணில் விழும். ஊரில் திருவிழாக் காலத்தில் கச்சான் வாங்க வெளிவீதிக்கு வந்த பிள்ளை, கூட்டத்தோடு கூட்டமாகத் தேரடி வரை போய்விடுகிற மாதிரித்தான் நான் மத்தீஸின் ஓவியங்கள் வரை போனேன். அருங்காட்சியகத்துக்குக் காசு உண்டு. ஆனால் அதன் வாசலைத் தாண்டித் தாண்டிப் போகப் போக, ஒரு நாள் அந்த ரிக்கற்றை வாங்க வேண்டும் என்ற ஆசை வந்தது. கட்டடம் அந்த ஆசையை எனக்குள் போட்டது. சுவரொட்டியோ விளம்பரமோ போடவில்லை.

இரண்டு கோடுகள்

அக்காவின் மகளுக்கு இந்தக் கதை சிறு வயதிலிருந்தே தெரியும். மாமாவின் பழைய கதை என்றுதான் கேட்டிருக்கிறாள். ஒரு ஞாயிறு அவள் ஒரு வேலை செய்தாள். கட்டடம் திறந்த 1977ஆம் ஆண்டு வரைபடத்தையும், 2000ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகான வரைபடத்தையும் எடுத்து, மேலே மெல்லிய தாளை வைத்து, ஆட்கள் நடக்கும் வழியைப் பென்சிலால் போட்டாள். நூலகத்துக்கு வருகிறவருக்குச் சிவப்பு, கண்காட்சிக்கு வருகிறவருக்கு நீலம். முதல் தாளில் இரண்டு கோடுகளும் சதுக்கத்தில் தொடங்கி, மண்டபத்தில் பின்னி, படிக்கட்டில் ஒன்றாக ஏறி, மேலே போய்த்தான் பிரிந்தன. இரண்டாவது தாளில் நீலக் கோடு மட்டும் சதுக்கத்திலிருந்து வந்தது. சிவப்புக் கோடு கட்டடத்தின் முதுகுப் பக்கம், ரூ து ரெனார் தெருவில், குழாய்களுக்குக் கீழே தொடங்கியது. இரண்டும் எங்கேயும் தொடவில்லை.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சதுக்கம் அப்படியேதான் இருக்கு மாமா. ஒரு கல்லும் மாறேல்ல” என்றாள்.

நடந்தது இதுதான். 1997 இலையுதிர்காலத்தில் புதுப்பிப்புக்காக மூடி, 2000 ஜனவரி முதலாம் தேதி திறந்தார்கள். நூலகத்துக்கென்று பின்பக்கத் தெருவில் தனி வாசல் கொடுத்தார்கள். முகப்பு நகரும் படிக்கட்டில் ஏற அதற்குப் பிறகு ரிக்கற் வேண்டும். அந்த நிலத்தில் மூத்த பிள்ளை என்று சொன்னேனே, அந்த நூலகம் சதுக்கத்திலிருந்து விலக்கி முதுகுப் பக்கம் அனுப்பப்பட்டது. காசு கொடுக்கிறவர் முன்னால், கொடுக்காதவர் பின்னால்.

இதைச் செய்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கட்டடம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்தது. வந்தவர்களில் பெரும்பங்கு நூலகத்துக்கானவர்கள். படிக்கட்டும் மண்டபமும் தேய்ந்து, வரிசைகள் ஒன்றோடொன்று முட்டின. புதுப்பிப்பில் பியானோவே பங்கெடுத்தார். கூட்டத்தைப் பிரித்து அனுப்பு என்பது எந்த நிர்வாகிக்கும் முதலில் தோன்றும் தீர்வு. பாதுகாப்புக் காவலருக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் அந்தத் தீர்வு எதை விலையாகக் கொடுத்தது என்று கணக்கெடுக்க ஒரு வழியும் இல்லாமல் போனது. ஓவியம் பார்க்க வந்தவன், வேலை தேடும் விளம்பரம் பார்க்க வந்தவனின் தோளில் இடித்து மன்னிப்புக் கேட்பது எந்த வருடாந்த அறிக்கையில் வரும்? என்னைப் போல ஒருவன் நூலகத்துக்கென்று வந்து தவறிப்போய் ஓவியத்துக்குள் விழுவதை யார் எண்ணுவார்கள்?

அதற்குப் பிறகும் நூலகம் நூலகமாகவே இருந்தது. அட்டை கேட்கவில்லை, காசு கேட்கவில்லை, குளிரில் நீண்ட வரிசை நின்றது. அந்த வரிசை நின்ற தெருவில் வாகனங்கள் சுரங்கப் பாதைக்குள் பாய்ந்துகொண்டிருக்கும், உட்கார ஓர் இடம் கிடையாது. மறுபக்கம் சரிவான கல் தரை வெயிலில் விரிந்து கிடந்தது. அங்கே உட்கார்ந்தவர்களில் கட்டடத்துக்குள் போகக் காரணம் இருந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள் என்பது என் கண்ணில் பட்டது. மேடைக்கு எதிரே உட்காரலாம், மேடையில் ஏற முடியாது என்ற நிலை.

காவலாளியும் வரைபடத்தில் வர வேண்டும்

இப்போது அக்காவின் மகளின் வரைபடத்துக்கு வருகிறேன். அவள் வாசலை முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினாள். சதுக்கத்திலிருந்து கட்டடத்துக்குள் நுழைந்து, மாடி நூலகம் வரை, அங்கிருந்து கூரைத் தோட்டம் வரை, ரிக்கற் இல்லாத ஒரே வழி. கண்காட்சிக் கூடத்தின் கண்ணாடிச் சுவரை உரசிக்கொண்டு அந்த வழி போகும். உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று நடக்கிறவருக்குத் தெரியும், நுழைவதென்றால் மட்டும் காசு. கழிப்பறையை ரிக்கற் மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்து வைத்தாள். சந்தையில் காய்கறி விற்கிறவருக்கு அந்தக் கட்டடம் முதலில் கழிப்பறையாகத்தான் அறிமுகமாகும், அதில் ஒரு கேவலமும் இல்லை என்று நான் சொன்னதை எடுத்துக்கொண்டாள். எனக்கு அது சந்தோஷம்.

அவளுடைய ஆசிரியர் கேட்ட கேள்வி நியாயமானது. இலவச வழி என்றால் இரவு அதை யார் பூட்டுவது, யார் கூட்டுவது, யார் பார்த்துக்கொள்வது? கண்ணாடிக் கதவும் ரிக்கற் மேசையும் மலிவு, ஏனென்றால் ஒரு ஆள் போதும். திறந்த வழிக்கு மாடிக்கு மாடி ஆள் வேண்டும், குளிர்காலத்தில் கதவு திறந்து மூடச் சூடு வெளியே போகும். போபூரில் தோற்றதும் இங்கேதான் என்று நினைக்கிறேன். வரைந்தவர்களின் எண்ணம் இரும்பில் இருந்தது, செலவுக் கணக்கில் இருக்கவில்லை. இரும்பு நிலைத்தது, எண்ணத்தை இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நிர்வாக முடிவு மாற்றிவிட்டது. சதுக்கத்தோடு ஒட்டிய எந்தப் பண்பாட்டுக் கட்டடத்தின் வடிவமைப்பிலும் காவலாளியின் சம்பளமும் துப்புரவுத் தொழிலாளியின் நேரமும் தூணும் உத்தரமும் போல முதல் நாளே கணக்கில் ஏற வேண்டும். அவள் தன் வரைபடத்தின் ஓரத்தில் வருடச் செலவு என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள். கட்டடக்கலை மாணவர்கள் அப்படிச் செய்வது வழக்கமில்லையாம். வழக்கமாகட்டும்.

2025 செப்டெம்பரில் பொம்பிடு மையம் மறுபடி மூடிவிட்டது. ஆஸ்பெஸ்டஸை அகற்ற வேண்டும், தீப் பாதுகாப்பைச் சரிசெய்ய வேண்டும், முகப்புக் கண்ணாடிகளை மாற்ற வேண்டும். ஐந்து வருட வேலை, 2030இல் திறப்பதாகத் திட்டம். பாரிஸைச் சேர்ந்த மொரோ குசுனோக்கி அலுவலகமும் மெக்சிகோவின் ஃப்ரீடா எஸ்கொபேதோவும் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். நூலகம் அதுவரை பெர்சியில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் இயங்குகிறது. அங்கேயும் போய்ப் பார்த்தேன். இருக்கைகள் நிறைந்திருந்தன. என்னைப் போல ஒருவன், வேறொரு நாட்டிலிருந்து வந்தவன், காதில் ஹெட்போனோடு பிரெஞ்சு வினைச்சொற்களை உதட்டால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

2030இல் அவன் போபூருக்குத் திரும்பும்போது சதுக்கத்தின் பக்கத்திலிருந்தே உள்ளே போக வேண்டும் என்று விரும்புகிறேன். கண்ணாடிப் படிக்கட்டின் உச்சி வரை விட முடியாதென்றால், நூலகத் தளம் வரையாவது எல்லாரையும் அதில் ஏற விடலாம். இதற்குப் புது வாசல் எதுவும் வெட்ட வேண்டியதில்லை. 1977இல் வெட்டிய வாசல் அங்கேயே இருக்கிறது.